சிலிக்கோன் நீரரமகள் வால்: வீட்டில் அச்சு எடுக்கிறவர்களுக்கு

சிலிக்கோனில் நீரரமகள் வால், அதாவது காலில் மாட்டிக்கொண்டு கடற்கன்னிபோல நீந்துகிற உறை, செய்யப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, சிலிக்கோன் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றுதான். அது கடைசியாக வாங்கவேண்டிய சாமான். முதலில் வாலின் உருவத்தைக் களிமண்ணில் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் போட்டு அச்சு எடுத்து, பிறகுதான் அந்த அச்சுக்குள் சிலிக்கோன் பூசவேண்டும். களிமண்ணில் விட்ட பிழையை விரலால் தேய்த்து அழிக்கலாம். பிளாஸ்டரில் விட்ட பிழையைக் கொத்திப் பூசிச் சமாளிக்கலாம். இறுகிய சிலிக்கோனை உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. முழு வாலுக்குமான செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும் என்பதால், அது கையில் வருமுன் அச்சு பிழையில்லாமல் முடிந்திருக்க வேண்டும். அதனால் இங்கே அச்சு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிலிக்கோன் பூசுவது, நிறம் சேர்ப்பது எல்லாம் தேவையான அளவுக்கு மட்டும் இடையில் வரும்.

மட்டக்களப்பில் நீரரமகளுக்குப் பஞ்சமில்லை. சீமெந்துச் சிலையாகவும் இருக்கிறாள், சுவரிலும் இருக்கிறாள், விபுலாநந்த அடிகளின் பாட்டிலும் இருக்கிறாள். ஆனால் சிலையைப் பார்த்து வாலின் வடிவத்தை எடுக்காதீர்கள். சிலையில் வால் வளைந்து சுருண்டிருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், அதற்குள் கால்கள் இல்லை. நீங்கள் செய்வது ஒரு மனிதரின் இரண்டு கால்களையும் முழங்காலையும் பாதத்தையும் உள்ளே விட்டு, நேராக நீட்டி, நீரில் அடிக்கிற உறை. பார்த்துப் படிக்கச் சிலையைவிடச் சந்தையில் கிடக்கிற கொடுவா மீன் நல்லது. செதில் கழிக்குமுன் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். நடு உடம்பில் செதில் பெரிதாக இருக்கும், வாலடிக்குப் போகப் போகச் சிறுக்கும். ஒவ்வொரு செதிலின் திறந்த ஓரமும் வால் பக்கம் பார்த்திருக்கும். ஒரு விடயத்தில் மட்டும் மீனைப் பின்பற்றக்கூடாது. மீன் வாலை இடம் வலமாக அடிக்கும். கால் சேர்த்து நீந்துகிற ஆள் டொல்பினைப்போல மேலும் கீழுமாகத்தான் அடிக்கமுடியும். அதனால் வால்துடுப்பு படுக்கையாக விரிந்திருக்க வேண்டும், உறையின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்கிற மூட்டு இரண்டு விலாப்பக்கமும் வரவேண்டும். அச்சை முன்பாதி, பின்பாதி என்று பிரிப்பது இதனால்தான்.

எத்தனை அச்சு வேண்டும்

முழுமையாகச் செய்கிறவர்கள் உடலுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, துடுப்புக்கு இரண்டு, பக்கச் செட்டைகளுக்குத் தனியாக என்று எடுப்பார்கள். முதல் தடவை செய்கிறவருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. உடலுக்கு ஒரு பாதி அச்சு எடுங்கள், அதையே இரண்டு தரம் பூசி முன்னும் பின்னுமாக வைத்து மூட்டுங்கள். சிலிக்கோன் இழுபடும். பிட்டப்பக்கத்துக்கும் முழங்கால் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது தாங்கிக்கொள்ளும். துடுப்பும் அப்படித்தான். இடமும் வலமும் சரிசமமாக இருந்தால் ஒரு முகத்தின் அச்சே மறுமுகத்துக்கும் பொருந்தும். அதற்குத் துடுப்பின் உருவத்தைக் கையால் முழுதாக வரையாமல், பெரிய தாளை நடுவால் மடித்து ஒரு பாதியை மட்டும் வரைந்து, மடித்தபடியே வெட்டுங்கள். கண்ணளவில் வரைந்த துடுப்பு கட்டாயம் ஒரு பக்கம் கொழுத்துத்தான் இருக்கும். இரண்டு முகங்களையும் சேர்க்கும்போது ஓரம் ஓரத்தோடு சேராது.

அளவு எடுத்தல்

பாயில் குப்புறப்படுத்து, கால் இரண்டையும் ஒட்டி, பாதத்தை நுனி வரை நீட்டி வைத்துக்கொண்டு, இன்னொருவரைக்கொண்டு அளவெடுங்கள். நின்றுகொண்டு எடுத்த அளவில் பாதம் மடிந்திருக்கும், நீளமும் பிழைக்கும். தொப்புளுக்குக் கீழே தொடங்கி 10 சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் சுற்றளவை எழுதுங்கள். முழங்காலும் கணுக்காலும் இடையில் விழுந்தால் அவற்றைத் தனியாக எழுதுங்கள்.

உறை உடம்போடு பிடித்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் நிரம்பிச் சாக்குமூட்டையாகிவிடும். அதனால் இடுப்பு, தொடை அளவுகளை 6 முதல் 8 சதவீதம் வரை குறையுங்கள். கணுக்காலில் குறைக்கவேண்டாம். பாதம் அந்த ஒடுக்கத்தைத் தாண்டித்தான் துடுப்புக்குள் போகிறது.

புதியவர்கள் அதிகம் வழுக்குவது அடுத்த இடத்தில்தான். இடுப்புச் சுற்றளவு 96 சென்ரிமீற்றர் என்று வைப்போம். குறைத்தால் 90, பாதி அச்சுக்கு 45. உடனே பலகையில் 45 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கோடு போட்டு, அதன்மேல் களிமண்ணை 11 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குவித்துவிடுவார்கள். குவிந்த மேற்பரப்பின்மேல் அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் 54 வரும். இரண்டு பாதியும் சேர்ந்தால் 108. அந்த வாலுக்குள் இன்னொரு பிள்ளையையும் இறக்கலாம். 45 என்பது பலகையில் இருக்கவேண்டிய அகலம் அல்ல, களிமண்ணின் மேல் நாடா ஓடவேண்டிய நீளம். நடு உயரம் 11 என்றால் பலகை அகலம் 34 போதும். ஒவ்வொரு 10 சென்ரிமீற்றரிலும் இதே மாதிரி நாடாவை வளைத்துப் பார்த்துத்தான் அகலத்தை முடிவுசெய்ய வேண்டும்.

சிலிக்கோன் எவ்வளவு வேண்டும் என்பதையும் இப்போதே கணக்குப் பார்த்துவிடலாம். உடல்பகுதி சராசரிச் சுற்றளவு 68, நீளம் 105 என்றால் பரப்பு ஏறக்குறைய 7100 சதுர சென்ரிமீற்றர். அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் பூசினால் 3550 கன சென்ரிமீற்றர். வால் செய்யப் பாவிக்கிற மென்மையான பிளாட்டினம் சிலிக்கோனின் (இரண்டு பாகத்தைக் கலந்ததும் பிளாட்டினம் ஊக்கியால் இறுகுகிற வகை) அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுத்தான் கூட, 1.07 அளவில். ஆக, உடலுக்கு 3.8 கிலோ. துடுப்பின் இரண்டு முகங்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு போகும். வாளியிலும் தூரிகையிலும் ஒட்டி வீணாவது, மூட்டுக்குப் பூசுவது, செட்டை எல்லாம் சேர்த்தால் 10 கிலோ என்று வையுங்கள். தடிப்பைக் கூட்டினால் பணமும் கூடும், தரையில் தூக்கவேண்டிய பாரமும் கூடும்.

காலமும் இடமும்

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் தை வரைக்கும் பிளாஸ்டர் வேலையை நினைக்காதீர்கள். அச்சு காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மாசிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. கச்சான் வீசுகிற காலம் பிளாஸ்டர் காய்வதற்கு வாய்ப்பானது, ஆனால் களிமண்ணுக்கு அதுதான் எமன். காலையில் வழுவழுப்பாக விட்டுப்போன பரப்பு மத்தியானத்துக்குள் வெடித்துக் கிடக்கும். காற்றுப் படாத பக்கமாக விறாந்தையிலோ கொட்டிலிலோ இடம் பிடியுங்கள். களிமண்ணும் பிளாஸ்டரும் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும், ஆகவே சாப்பாட்டு மேசை தாங்காது. சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பிளைவூட் போட்டு, அதன்மேல் மெலமைன் பலகையை மட்டமாக வையுங்கள். நாலு பக்கமும் நடந்து திரிய இடம் விடுங்கள்.

களிமண்

வெளிநாட்டுப் படங்களில் காட்டுகிற எண்ணெய்க்களிமண் காயாது, நன்றாக இருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய உருவத்துக்கு அதை எடுப்பித்துக் கட்டுப்படியாகாது. அதோடு கந்தகம் கலந்த வகைகளும் உண்டு, பிளாட்டினம் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. செங்கல் சூளையிலோ சட்டிபானை செய்கிற இடத்திலோ எடுக்கிற சாதாரணக் களிமண்ணே போதும். பிளாஸ்டர் அதன்மேல் ஒட்டாது, எண்ணெய் பூசவும் தேவையில்லை. இரண்டு நாள் ஊறவிட்டு, கல்லும் வேரும் பொறுக்கி, காதுமடல் பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். சேறாக இருந்தால் செதில் வெட்டும்போது இழுபடும், இறுகியிருந்தால் வெடிக்கும்.

முழுவதையும் களிமண்ணால் குவித்தால் 30 கிலோவுக்கு மேல் தேவைப்படும். நடுவில் ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளைத் தெர்மோகோல்) துண்டுகளை அடுக்கிப் பலகையோடு ஒட்டி, அதைப் பொலித்தீனால் மூடி, அதன்மேல் 3 சென்ரிமீற்றருக்குக் களிமண் போட்டால் பாதியோடு முடியும். குளிர்சாதனப் பெட்டி வந்த ரெஜிபோமை எறிய வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள்.

உருவத்தைக் கட்டும்போது முழங்கால் பகுதியை மிகவும் ஒடுக்காதீர்கள். மடக்கும்போது அங்கே இடம் வேண்டும். இடுப்பின் மேல் ஓரத்தை உடம்பு அளவைவிட 5 சென்ரிமீற்றர் நீட்டிவிடுங்கள், பிறகு வெட்டிச் சரிசெய்யலாம். விலாப்பக்கம் களிமண் பலகையைத் தொடுகிற இடம் கூரான கோடாக, நேராக வரவேண்டும். அந்தக் கோடுதான் நாளைக்கு மூட்டு. நீள மரச்சட்டத்தால் அதை இழுத்து இழுத்துச் சீர்செய்யுங்கள். வேலை முடிகிற ஒவ்வொரு பொழுதும் ஈரச்சாக்கு, அதன்மேல் பொலித்தீன். தண்ணீர் விசிறுகிற போத்தல் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செதில்

பொறுமையைச் சோதிக்கிற கட்டம் இது. இதில் இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு செதிலையும் தனியாகத் தட்டி எடுத்து ஒட்டுவது ஒன்று. அப்படியென்றால் கூரைக்குக் கிடுகு மேய்வதுபோல அடியிலிருந்துதான் தொடங்கவேண்டும். துடுப்பு முனையில் முதல் வரிசை, அதன்மேல் பாதி மூடினபடி அடுத்தது, இப்படியே இடுப்பு வரைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செதிலின் ஓரத்துக்குக் கீழே சந்து விழுந்தால் பிளாஸ்டர் அதற்குள் புகுந்து மெல்லிய தகடாக இறுகும், களிமண்ணைக் கழற்றும்போது உடைந்துவிடும். ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் அடைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான செதில் என்றால் எத்தனை நாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியவருக்கு அச்சுக்குத்துகிற வழியைத்தான் சொல்வேன். பிவிசி குழாயில் 2 அங்குலம், ஒன்றரை அங்குலம், 1 அங்குலம் என்று மூன்று துண்டு எடுங்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பாதி வட்டத்தை விட்டு மற்றப் பாதியை அரிந்துவிடுங்கள். விட்ட பாதியின் விளிம்பை அரத்தாளில் தேய்த்து மழுங்கடியுங்கள். பெரியது இடுப்புக்கும் தொடைக்கும், நடுத்தரம் முழங்காலைச் சுற்றி, சிறியது கணுக்காலுக்கு.

களிமண்ணின் மேல் முதலில் நாடாவை வைத்து நடுக்கோடு போடுங்கள். அதற்குக் குறுக்கே வரிசைக் கோடுகள். கோடு இல்லாமல் குத்தினால் தொடையளவிலேயே வரிசை சரிந்து ஒரு பக்கம் ஏறிவிடும். இனி ஒரு லன்ச் சீற்றை (சோறு சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை) விரித்து, அதன்மேலால் குழாயை அழுத்துங்கள். வெறுங்களிமண்ணில் குத்தினால் ஓரம் கத்தி வெட்டினதுபோல் கிழிந்து பிசிறு நிற்கும். சீற் இடையில் இருந்தால் ஓரம் தானாக உருண்டு, மீனின் செதில்போல மெதுவாக இறங்கும். அடுத்த வரிசையின் வளைவு, கீழ்வரிசையில் இரண்டு வளைவு சந்திக்கிற இடத்துக்கு நேரே வரவேண்டும். ஒரு வரிசை குத்தி முடிந்ததும், ஒவ்வொரு வளைவுக்கும் வெளியே, அதாவது துடுப்புப் பக்கமாக உள்ள களிமண்ணைப் பெருவிரலால் இலேசாக அமர்த்துங்கள். 2 மில்லிமீற்றர் இறங்கினால் போதும். தட்டையாகக் கிடந்த வட்டம் அப்போதே ஒன்றின்மேல் ஒன்று ஏறின செதிலாகத் தெரியும்.

கடைசியில் ஈரத்தூரிகையால் முழுவதையும் ஒரே திசையில், இடுப்பிலிருந்து துடுப்புக்கு, ஒரு தடவை வருடிவிடுங்கள். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு ரோச் லைட்டைப் பலகையோடு படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத விரலடையாளம், பள்ளம் எல்லாம் நிழல் விழுத்திக் காட்டும். களிமண்ணில் இருக்கிற ஒவ்வொரு கைரேகையும் சிலிக்கோனில் அப்படியே வரும்.

துடுப்பு

துடுப்புக்குள் ஒற்றைத்துடுப்பு, அதாவது இரண்டு பாதமும் சேர்ந்து நுழைகிற நீச்சல் தகடு, இருக்கவேண்டும். அது கையில் வருமுன் துடுப்பு அச்சைத் தொடங்கவேண்டாம். வாங்கினதோ செய்ததோ, அதைப் பலகையில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் குறைந்தது 4 சென்ரிமீற்றர் சிலிக்கோன் மட்டும் இருக்கட்டும். சிலிக்கோன் சிலிக்கோனைத் தவிர வேறெதிலும் ஒட்டாது. உள்ளே இருக்கிற தகட்டைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஓரத்தின் பிணைப்புத்தான்.

களிமண்ணின் உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: தகட்டின் தடிப்பில் பாதி, அதோடு சிலிக்கோனுக்கு 6 மில்லிமீற்றர். பாதம் நுழைகிற இடம் 10 சென்ரிமீற்றர் தடிப்பென்றால், அங்கே களிமண் ஐந்தரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே எழும்பவேண்டும். ஓரத்துக்குப் போகப் போக மெலியலாம், ஆனால் 4 மில்லிமீற்றருக்குக் கீழே இறக்காதீர்கள். இரண்டு முகமும் சேர்ந்து 8 வரும். அதற்குக் குறைந்தால் நீரில் அடிக்கும்போது ஓரம் கிழியும். கதிர்க்கோடுகளை விரல் தடிப்பில் கீறினால் போதும். துடுப்பின் அடிப்பகுதியும் உடல் அச்சின் நுனியும் ஒரே சுற்றளவில் சந்திக்கிறதா என்று நாடாவால் பாருங்கள். இரண்டையும் ஒரே பலகையில் தொடராகச் செய்தால் இந்தத் தலையிடி இல்லை, ஆனால் அச்சின் நீளம் ஒன்றரை மீற்றரைத் தாண்டிவிடும், புரட்ட நாலு பேர் வேண்டும்.

பிளாஸ்டர் போடுதல்

களிமண்ணைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் பலகை வெறுமையாக இருக்கட்டும். அதற்கு வெளியே மரச்சட்டம் வைத்துக் களிமண்ணால் அடையுங்கள். வெறும் பலகையில் மெல்லிசாக வாசலின் தேயுங்கள். அந்த 5 சென்ரிமீற்றர் விளிம்பு சிலிக்கோனுக்கும் பிறகு உதவும்.

பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் உடலுக்கு 25 கிலோ, துடுப்புக்கு 12 கிலோ. ஹாட்வெயார் கடையில் "என்னத்துக்கு மனே இவ்வளவு?" என்று கேட்டால், சீலிங் வேலை என்று சொல்லிவிடுவது சுகம். நீரரமகள் வால் என்றால் கடை வாசலில் அரை மணித்தியாலம் போகும். பை இளகி மாவாக இருக்கிறதா என்று அமர்த்திப் பாருங்கள். கட்டி பட்டிருந்தால் ஈரம் குடித்த பழைய சரக்கு, அது சரியாக இறுகாது.

கலக்கும்போது தண்ணீருக்குள்தான் மாவைப் போடவேண்டும், மாவுக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது. நிறையளவில் 10 பங்கு மாவுக்கு 7 பங்கு தண்ணீர். கையால் தூவித் தூவிப் போடுங்கள். மாவு நீருக்கு மேலே சின்னத் திட்டுகளாக நிற்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் தொடாமல் ஊறவிடுங்கள். பிறகு கையுறை போட்ட கையை அடிவரை இறக்கி, காற்று உள்ளே போகாமல் மெதுவாகக் கலக்குங்கள். ஒரு தரத்துக்கு 3 கிலோவுக்கு மேல் கலக்கவேண்டாம். நமது வெக்கையில் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். முந்தின கலவை ஒட்டின வாளியில் அடுத்ததைக் கலந்தால் இன்னும் கெதியாக இறுகும், ஆகவே வாளி இரண்டு வைத்திருங்கள்.

முதல் பூச்சு முகப்பூச்சு. பால்பதத்தில் இருக்கும்போது தூரிகையால் தெளியுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் செதில் அழியும். தெளித்த பின் வாயால் ஊதி ஊதிச் செதில் வளைவுகளுக்குள் ஓடவிடுங்கள். காற்றுக்குமிழி நிற்பது அந்தப் பள்ளங்களில்தான். குமிழி நின்ற இடத்தில் அச்சில் குழி விழும், வாலில் அது பருவாக எழும்பும். இந்தப் பூச்சின் மினுமினுப்பு மங்கி, ஆனால் சூடேறத் தொடங்காத நேரத்தில் இரண்டாவது பூச்சைப் போடவேண்டும். முழுதாகக் காயவிட்டுப் போட்டால் இரண்டும் பிணையாமல் அப்பளமாகப் பிரியும். தவிர்க்கமுடியாமல் தாமதித்தால் மேலே தண்ணீர் விசிறிவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது பூச்சுகளுக்குத் தும்பு. சுத்தமான தென்னந்தும்பை நன்றாக உதிர்த்து, மெல்லிய பாய்போல விரித்து, பிளாஸ்டரில் தோய்த்துப் போர்த்துங்கள். சீலிங் வேலைக்காரர் தலைமுறையாகச் செய்வது இதுதான். சாக்குத் துண்டும் ஆகும். விளிம்புகளில் இரட்டிப்பாகப் போடுங்கள், உடைவது அங்கேதான். மொத்தத் தடிப்பு 2.5 சென்ரிமீற்றர் வந்ததும், பிவிசி குழாய் இரண்டை நீளவாட்டில் வைத்துத் தும்பும் பிளாஸ்டரும் போட்டுக் கட்டிவிடுங்கள். தூக்கப் பிடியாகவும் இருக்கும், புரட்டினபின் ஆடாமல் நிற்கக் காலாகவும் இருக்கும். மரக்கட்டை வைக்காதீர்கள். மரம் ஈரத்தைக் குடித்து ஊதி அச்சை வெடிக்கச்செய்யும்.

ஒரு எச்சரிக்கை. இறுகும்போது பிளாஸ்டர் சூடேறும், தடிப்பான கட்டியில் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். கையையோ காலையோ அதற்குள் வைத்து அச்சு எடுத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். விரலை இழந்தவர்கள் உண்டு. மிஞ்சின கலவையை வடிகானுக்குள் ஊற்றவும் கூடாது. வாளியிலேயே இறுகவிட்டுத் தட்டிக்கொட்டுங்கள்.

கழற்றுதலும் காயவைத்தலும்

சூடு முற்றாக ஆறும்வரை தொடாதீர்கள். அடுத்த நாள் கழற்றினாலும் நட்டமில்லை. ஈரத்தோடு அச்சு 25 கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் இரண்டு தலைப்பிலும் பிடித்து ஒரே நேரத்தில் புரட்டுங்கள். ரெஜிபோமையும் களிமண்ணையும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையாலும் மரக்கரண்டியாலும் எடுங்கள். இரும்புக் கரண்டி பட்டால் செதில் சிதறும். மிச்சக் களிமண்ணைக் களிமண்ணாலேயே ஒற்றி எடுக்கலாம், அதன்பிறகு மென்மையான தூரிகையும் தண்ணீரும். குமிழி விழுந்த குழிகளை இப்போதே ஈரத்தோடு புதுப் பிளாஸ்டர் நிரப்பி, ஊசியால் செதில் கோட்டைத் திரும்பக் கீறுங்கள்.

காயவைப்பதற்கு நிழலும் காற்றும் வேண்டும், வெயில் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கெதியாகக் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். அடியாலும் காற்றுப் போகக் கல் வைத்து உயர்த்தி, ஒரு கிழமை, பத்து நாள் விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தை அச்சோடு ஒட்டிப் பிடியுங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுச் சிலிக்கோன் பூசுகிறவர்களுக்குக் கிடைப்பது ஒட்டிப்பிடித்த, குமிழி குமிழியாக எழும்பின தோல்.

காய்ந்தபின் தச்சுவேலைக்குப் பாவிக்கிற செலாக்கை நீர்த்து மூன்று தடவை பூசுங்கள். மெல்லிசாகப் பூசவேண்டும், செதில் பள்ளத்தில் தேங்கவிடக்கூடாது. அது நன்றாகக் காய்ந்து மணம் போனபின், வாசலினை மெல்லிய துணியால் தேய்த்து, பிறகு வெறுந்துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் போதும்.

பைபர் அச்சைப் பற்றி

நமது கரையோரம் முழுக்கப் பைபர் வள்ளம் செய்கிறவர்களும் ஒட்டுப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்தால் பைபர் (கண்ணாடியிழை) அச்சு போட்டுத் தருவார். பாரம் குறைவு, விழுந்தாலும் உடையாது, பத்து வால் எடுக்கலாம். ஆனால் வள்ளத்துக்குப் போடுகிற பொலியெஸ்ரர் ரெசினுக்கும் பிளாட்டினம் சிலிக்கோனுக்கும் ஒத்துவராது. புதிதாகப் போட்ட ரெசினின்மேல் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். பல கிழமை ஆறவிட்டு, மேலே அக்ரிலிக் கிளியர் அடித்து, சோதித்துப் பார்த்தபிறகே பாவிக்கவேண்டும். ஒரே ஒரு வால் போதும் என்கிறவருக்குப் பிளாஸ்டரே போதும்.

சிலிக்கோன் திறக்குமுன்

யன்னலுக்கும் குளியலறைக்கும் அடைக்கிற குழாய்ச் சிலிக்கோன் மலிவென்று அதை வாங்காதீர்கள். வினாகிரி மணம் வருகிற அந்த வகை, காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. தடிப்பாகப் பூசினால் உள்ளே இறுகாது, இறுகும்போது வருகிற அமிலம் தோலை எரிக்கும். அச்சு வார்ப்புக்கென்று விற்கிற தகரவகைச் சிலிக்கோன் (தகர ஊக்கியால் இறுகுவது) காலப்போக்கில் சுருங்கும், தோலோடு அணியவும் உகந்ததல்ல. வாலுக்குத் தோலில் படலாம் என்று குறிப்பிட்ட பிளாட்டினம் வகைதான் வேண்டும். இரப்பர் கையுறையின் லேற்றெக்ஸ் பட்டாலே அது இறுகாமல் போகும் என்பதால் நைற்றைல் அல்லது வினைல் கையுறை போடுங்கள். கலக்குகிற குச்சியும் வாளியும் புதியவையாக இருக்கட்டும்.

அதனால்தான் முழு அச்சையும் செய்யும்போதே, உள்ளங்கையளவில் ஆறேழு செதிலோடு ஒரு குட்டி அச்சையும் அதே களிமண், அதே பிளாஸ்டர், அதே செலாக்கால் செய்துவையுங்கள். முதல் 50 கிராம் சிலிக்கோன் அதற்குள் போகட்டும். சுத்தமாகக் கழன்று, முகம் காய்ந்து வந்தால் பெரிய அச்சுக்குப் போகலாம். பிசுபிசுத்தால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும்வரை பெரிய போத்தலைத் திறக்காதீர்கள்.

வெக்கையையும் கணக்கில் எடுங்கள். போத்தலில் 20 நிமிடம் வேலைநேரம் என்று போட்டிருந்தால் அது 23 பாகைக்கு. 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகும். மட்டக்களப்பு மத்தியானத்தில் கலந்து முடிக்குமுன்னே கட்டிபடத் தொடங்கும். விடியற்காலையில் பூசுங்கள், போத்தல்களை முதல்நாள் இரவே குளிர்ந்த இடத்தில் வையுங்கள், மெதுவாக இறுகுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். முதல் பூச்சு மெல்லிசு, செதிலுக்குள் நிறம் பிடிக்க. பிறகு மூன்று நாலு பூச்சு. முந்தினது கையில் ஒட்டாமல், ஆனால் இன்னும் பசைத்தன்மையோடு இருக்கும்போது அடுத்தது. கடைசிப் பூச்சில் இழுபடுகிற வலைத்துணியை இடுப்பிலும் மூட்டோரத்திலும் பதியுங்கள். காத்தான்குடித் துணிக்கடைகளில் தேடினால் அகப்படும். மூட்டுவதற்கும் அதே சிலிக்கோன்தான், வேறு பசை எதுவும் பிடிக்காது.

வால் முடிந்ததும் கல்லடிக் கடலுக்கு ஓடவேண்டாம், அங்கே அலை ஆளைக் காலோடேயே இழுக்கும். வாவியில் முதலை உண்டு. முதலில் நீச்சல் தடாகம், பிறகு கடல் அமைதியான நாளில் நெடுந்தூரம் ஆழமில்லாத பாசிக்குடா. காலைப் பிரித்து உதைக்கமுடியாத உடுப்பு இது, அவசரத்துக்குக் கழற்றவும் வராது. வால் இல்லாத, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்காமல் தண்ணீரில் இறங்கக்கூடாது. அச்சை எறியாதீர்கள். துடைத்து, வாசலின் தேய்த்து, தட்டையாக, ஈரம் படாத இடத்தில் வைத்தால் கிழிந்த செதிலுக்கு ஒட்டுத்துண்டு வார்க்க அதே அச்சு உதவும்.